விமானச் சரக்கறையில் சக்கர நாற்காலி: காப்புறையை வடிவமைத்தல்

மின்சக்கர நாற்காலி பயணியோடு விமானத்துக்குள் வருவதில்லை. விமான வாசலில் பயணி அதிலிருந்து இறங்கி, இருக்கை வரிசைகளுக்கு நடுவே செல்லக்கூடிய ஒடுக்கமான நாற்காலிக்கு மாறுகிறார். அவருடைய நாற்காலி தரைக்கு இறக்கப்பட்டு, பெல்ட் லோடரில் ஏறி, பெட்டிகளோடு பெட்டியாகச் சரக்கறைக்குள் போகிறது. அதன்பின் அதைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாற்காலியை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். எங்கே பிடித்துத் தூக்கலாம், எதைத் திருப்பினால் சக்கரம் தளரும், எந்த உறுப்பு ஒடியும் என்று சொல்ல உரியவர் பக்கத்தில் இல்லை. காப்புறையின் வடிவமைப்பு இந்த நிலைமையிலிருந்து தொடங்குகிறது.

இப்படி நாற்காலிகள் சேதமாவது எங்கோ எப்போதோ நடக்கும் விபத்து அல்ல. அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்கள் தாங்கள் சேதப்படுத்திய, தாமதப்படுத்திய, தொலைத்த சக்கர நாற்காலிகள், ஸ்கூட்டர்களின் எண்ணிக்கையை 2018 டிசம்பரிலிருந்து மாதந்தோறும் அரசுக்குத் தெரிவித்து வருகின்றன. 2023ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 11,000ஐத் தாண்டியது. ஏற்றிச் சென்ற ஒவ்வொரு நூறிலும் ஒன்றுக்கு மேல். உடைந்தது பெட்டியென்றால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். ஒருவருடைய முதுகுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்து அமைத்த நாற்காலி உடைந்தால், மாற்று வரும்வரை அவருடைய நடமாட்டமே நின்றுவிடுகிறது. பொருந்தாத இரவல் நாற்காலியில் உட்கார்ந்து படுக்கைப் புண்ணும் வரலாம்.

சேதம் நேரும் இடங்கள்

காப்புறை என்றதும் பலருக்கும் தடித்த மெத்தைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மெத்தையால் தடுக்கக்கூடிய சேதம் குறைவு. 100 முதல் 200 கிலோ வரை எடையுள்ள மின்நாற்காலியைக் கெடுப்பவை உரசலும் சிறு இடியும் அல்ல. கை தாங்கியைப் பிடித்துத் தூக்குவது, கதவுக்குள் நுழையவில்லை என்று பக்கவாட்டில் சாய்ப்பது, மோட்டார் பூட்டிய நிலையிலேயே இழுப்பது, கட்டாமல் விட்டதால் சரக்கறைக்குள் உருள்வது ஆகிய நான்குமே பெருஞ்சேதத்துக்குக் காரணங்கள். நான்கும் கையாளும் முறையைச் சேர்ந்தவை. எனவே நல்ல காப்புறை, தவறாகக் கையாள்வதைக் கடினமாக்கிச் சரியாகக் கையாள்வதை எளிதாக்குகிறது. பொருளைப் பொதிந்து மறைப்பது அதற்கு அடுத்த வேலைதான். சில சமயம் பொதிவதே கேடாகிறது: நாற்காலி முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டால் சக்கரத்தைத் தளர்த்தும் நெம்புகோல் உள்ளே மறைந்துவிடும், தள்ள முடியாத பணியாளர்கள் கைக்கு அகப்பட்ட இடத்தைப் பிடித்துத் தூக்குவார்கள்.

கதவின் உயரம்

துணியை வெட்டுவதற்கு முன் விமானத்தின் வகை தெரிய வேண்டும். தமிழ்நாட்டு விமான நிலையங்களில் அதிகம் வந்துபோகும் ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்களின் முக்கியச் சரக்கறைக் கதவு ஏறத்தாழ 120 செ.மீ. உயரம் கொண்டது. போயிங் 737இன் கதவு அதைவிடச் சிறியது, 85 செ.மீ. அளவுக்குத்தான் திறப்பு இருக்கிறது. பெரும்பாலான மின்நாற்காலிகள் முதுகு சாய்வை மடக்காமல் இந்த இரண்டாவது கதவுக்குள் நிமிர்ந்து நுழைய முடியாது. மடக்கிய பின்னும் சில நாற்காலிகள் ஓரிரு செ.மீ. இடைவெளியில்தான் நுழைகின்றன.

காப்புறை செய்பவர் மறக்கக்கூடாத கணக்கு இதில் இருக்கிறது. மடக்கிய நாற்காலியின் உயரம் 82 செ.மீ. என்று கொண்டால், அதன் உச்சியில் 5 செ.மீ. ஃபோம் வைத்துத் தைத்த உறை அதை 87 செ.மீ. ஆக்கிவிடும். கதவுக்குள் நேராக நுழைந்திருக்க வேண்டிய நாற்காலி இப்போது சாய்க்கப்படும். பாதுகாப்புக்கென்று சேர்த்த பொருளே பெருஞ்சேதத்துக்கு வழி திறந்துவிடும். உறையின் உச்சிப் பகுதி மெல்லியதாக, ஒற்றைத் துணியாக இருப்பதே நல்லது. தடிமன் தேவைப்படும் இடம் பக்கங்களும் முன்புறமும். உறை போட்ட நிலையில் நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றை அளந்து, விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் படிவத்தில் அந்த அளவுகளையே எழுத வேண்டும். உறை இல்லாத அளவைத் தந்து உறையோடு போய் நிற்பது கடைசி நேரக் குழப்பத்தில் முடியும்.

இருக்கையைச் சாய்க்கவும் உயர்த்தவும் மின்விசை பயன்படும் நாற்காலிகளில் வரிசைமுறை முக்கியம். இருக்கையை முழுவதும் தாழ்த்துவதும் சாய்வை மடக்குவதும் மின்சாரம் இருக்கும்போதே முடிய வேண்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உறை கடைசியில்தான். இந்த வரிசை தவறினால் நாற்காலி உயர்ந்த நிலையிலேயே உறைந்துவிடும். அதை மறுபடி தாழ்த்தத் தெரிந்தவர் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பார்.

ஜாய்ஸ்டிக்

ஒரே ஓர் உறுப்பைத்தான் காக்க முடியும் என்ற நிலை வந்தால், அது ஜாய்ஸ்டிக்காக இருக்க வேண்டும். அது கை தாங்கியின் முனையில் துருத்திக்கொண்டிருக்கிறது. நாற்காலி அந்தப் பக்கம் சாய்ந்தால் முதலில் தரையைத் தொடும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. அது உடைந்தால் மற்றவை எல்லாம் நலமாக இருந்தும் நாற்காலி நகராது.

இங்கே ஃபோமின் இயல்பைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒரு பொருள் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியின் சராசரி அளவு, விழுந்த உயரத்தை அது நின்ற தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்த பொருளை ஃபோம் 1.5 செ.மீ. அமுங்கி நிறுத்தினால், புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசை அதைத் தாக்குகிறது. ஃபோம் தன் தடிமனில் பாதி அளவு அமுங்கும்வரை நன்றாக வேலை செய்யும். அதன்பின் இறுகிக் கட்டையாகிவிடும். ஆகவே 1.5 செ.மீ. அமுக்கத்துக்கு 3 செ.மீ. தடிமன் வேண்டும். கழற்றிப் பையில் வைத்த ஜாய்ஸ்டிக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அதன் எடை அரைக் கிலோ அளவுதான். நாற்காலியில் மாட்டியபடியே இருக்கும் ஜாய்ஸ்டிக்கின் கதை வேறு. நாற்காலி கவிழும்போது 150 கிலோவின் பெரும்பங்கு அந்த ஒரு முனையில் இறங்கும். 3 செ.மீ. ஃபோம் அங்கே தாள்போல நசுங்கிவிடும்.

அதனால் முதல் வழி, ஜாய்ஸ்டிக்கை ஆபத்தான இடத்திலிருந்து நகர்த்துவது. பல நாற்காலிகளில் அது ஒரு குழாயில் செருகப்பட்டு, கையால் திருகும் ஒரே திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். திருகைத் தளர்த்திக் குழாயைப் பின்னுக்குத் தள்ளினால் ஜாய்ஸ்டிக் கை தாங்கியின் எல்லைக்குள் வந்துவிடும். வெளியே எடுத்து இருக்கையின் மேல் வைத்து நாடாவால் கட்டுவது அதைவிட நல்லது. மின்கம்பியைப் பிடுங்கி முழுவதும் கழற்றுவது எல்லா நாற்காலிக்கும் உகந்ததல்ல. அடிக்கடி பிடுங்கிச் செருகினால் இணைப்பின் ஊசிகள் வளையும். மழைநீர் புகுந்தால் நாற்காலி பிழைக்குறி காட்டி நின்றுவிடும். தயாரிப்பாளர் கையேடு அனுமதித்தால் கழற்றலாம். அப்போது இணைப்பின் இரு முனைகளுக்கும் மூடி வேண்டும்.

நகர்த்த முடியாதபோது கடினக் கூடு தேவை. 3 மி.மீ. பாலிகார்பனேட் தகட்டை வளைத்தோ, பெட்ஜி பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சு எடுத்தோ இதைச் செய்யலாம். கூட்டின் உட்புறம் ஜாய்ஸ்டிக்கின் தண்டைத் தொடக்கூடாது. சுற்றிலும் 2 செ.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும். ஃபோம் திணித்த கூடு தண்டை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும். மின்சாரப் பொத்தானையும் அழுத்திவிடக்கூடும். நாற்காலி தானாக இயங்காமல் பார்த்துக்கொள்வது விமான விதிகளின் கட்டாயமும் ஆகும். அடுத்து, கூட்டின் மேல் விழும் சுமை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கூடு ஜாய்ஸ்டிக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தால் பயன் இல்லை. மேலே மடங்கும் கை தாங்கியில் மாட்டியிருந்தால் ஓரளவே பயன். இருக்கைச் சட்டம்வரை இறங்கும் இரண்டு அலுமினியக் கால்கள் இருந்தால்தான் சுமை உறுதியான இடத்துக்குப் போய்ச் சேரும். பலர் செய்யும் அழகிய உறைகள் தோற்பது இந்த இடத்தில்தான்.

கழற்றுபவையும் கையோடு கொண்டுபோகும் பையும்

எளிதில் கழலும் எதுவும் சரக்கறைக்குப் போகக்கூடாது: தலை தாங்கி, கால் தாங்கிகள், பக்கத் தடுப்புகள், இருக்கை மெத்தை. இவற்றுக்கென ஒரு பை தைப்பது காப்புறை வேலையின் ஒரு பகுதி. பயணிகள் பகுதியின் மேல்தட்டில் அடங்கும்படி 55, 35, 25 செ.மீ. அளவுக்குள் பை இருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனி அறையும், அறையின் முகப்பில் அந்த உறுப்பின் படமும் இருந்தால், இறங்கியபின் மறுபடி மாட்டும்போது எதுவும் விடுபடாது. திருகுகளுக்குத் திறப்பு நாடாவுள்ள சிறு உறை போதும்.

காற்று அடைத்த மெத்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பறக்கும்போது விமானத்தின் உட்புற அழுத்தம் கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுவரை குறையலாம். அதாவது தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. ரோஹோ போன்ற காற்றறை மெத்தைகள் அப்போது விறைத்துப் புடைக்கும். அவற்றின்மேல் உட்கார்ந்து பயணிப்பவர் பறக்கும்போது கொஞ்சம் காற்றை விட்டு, இறங்கியபின் நிரப்பிக்கொள்ள வேண்டும். சக்கர டயர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். அழுத்தத்தின் கூடுதல் ஒரு சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டுக்கும் குறைவு. டயர் அதைச் சாதாரணமாகத் தாங்கும். காற்றை இறக்கிய டயரோடு இழுத்தால்தான் விளிம்பு கெடும். காப்புறையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்தினாலோ அவை புடைத்துத் தையலைப் பிரித்துவிடும்.

பேட்டரி

காப்புறை பேட்டரியை மறைக்கலாம். ஆனால் பார்க்க முடியாதபடி பூட்டக்கூடாது. ஏற்றுவதற்கு முன் பேட்டரியின் வகை, அது உறுதியாகப் பொருத்தப்பட்டிருப்பது, மின்முனைகள் குறுக்குச்சுற்று ஆகாமல் மூடப்பட்டிருப்பது ஆகியவற்றைப் பணியாளர்கள் உறுதிசெய்ய வேண்டும். விமானிக்கும் தகவல் போகிறது. ஜெல் போன்ற சிந்தாத பேட்டரிகள் நாற்காலியிலேயே இருக்கலாம். லித்தியம் அயான் பேட்டரி நாற்காலியின் சட்டத்துக்குள் தக்க பாதுகாப்போடு இருந்தால் அதுவும் அங்கேயே இருக்கலாம். அப்படி இல்லாமல் கழற்ற வேண்டிய வகையானால், அதைப் பயணி தன்னோடு உள்ளே கொண்டுபோக வேண்டும். அதற்கு வரம்பு 300 வாட்-மணி. இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 160க்குள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இந்த அளவு கிடைக்கும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, செல்லும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360; செல்லாது. சென்னை ஐஐடியில் உருவான நியோபோல்ட் போல, கையால் ஓட்டும் நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் இணைப்பு வைத்திருப்பவர்கள் சீட்டு வாங்குவதற்கு முன்பே பேட்டரியின் வில்லையைப் படித்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கழற்றிய பேட்டரிக்குத் தனித்தனி உறை, மின்முனைக்குப் பிளாஸ்டிக் மூடி. அளவும் வகையும் எழுதிய வில்லை தெரியும்படி உறையில் ஒரு கண்ணாடிச் சாளரம் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிரித்துக் காட்ட வேண்டியிருக்காது.

கையால் ஓட்டும் நாற்காலிகள்

இவை எடை குறைந்தவை; ஆபத்தும் குறைவு. மடக்கும் வகையில் குறுக்குச் சட்டம் விரியாமல் இரு இடத்தில் நாடா கட்டினால் பெரும்பாலும் போதும். மடங்காத சட்டமுள்ள நாற்காலியில் பின்சக்கரங்களை விசைப்பொத்தான் அச்சிலிருந்து கழற்றி, சட்டத்தைத் தனி உறையில் போடலாம். முன்னால் இருக்கும் சிறு சக்கரங்களின் கவைதான் வளையும் இடம். அங்கே கடின வளையம் வேண்டும். கார்பன் இழைச் சட்டம் என்றால் வெளியே தெரியாத விரிசல் விழலாம் என்பதால், முழு நீளத்துக்கும் ஃபோம் குழாய் சுற்றுவது செலவுக்குத் தகுந்த பயனே.

துணி, தையல், திறப்பு

வெளித்துணிக்கு ரப்பர் பூசிய கனத்த நைலான் சிறந்தது. ரெக்சின் மலிவு, ஆனால் மடிப்பில் வெடிக்கும். உள்ளே 10 மி.மீ. இபிஇ ஃபோம், இடி விழும் பக்கங்களில் ஃபோமுக்கு வெளியே நெளிவுள்ள பாலிபுரொப்பிலீன் அட்டை. இந்த அட்டை சுமையைப் பரப்பித் தருவதால் ஃபோம் ஒரே இடத்தில் நசுங்காது. கார் சீட் கவர் தைப்பவர்களிடம் இதற்கான கனத்த தையல் இயந்திரமும் கைப்பழக்கமும் இருக்கின்றன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் நாற்காலியையே கொண்டுபோய் அளவு கொடுக்கலாம்.

உறையை மாட்டப்போவது யார் என்பதே தையலைத் தீர்மானிக்க வேண்டும். பயணி விமான வாசல்வரை தன் நாற்காலியில் வருகிறார். அதன்பின் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. கையுறை அணிந்த ஒருவர், இரவின் மங்கிய வெளிச்சத்திலோ வெயிலிலோ மழையிலோ நின்று மாட்ட வேண்டும். சிறு ஜிப்பும் முடிச்சும் அங்கே செல்லாது. பெரிய பக்கிள், விரல் நுழையும் இழுவளையம், முன் எது பின் எது என்று காட்டும் இரு நிறங்கள் வேண்டும். ஒரே பெரிய உறையைவிட மூன்று நான்கு துண்டுகள் நல்லது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே மாட்டக்கூடிய துண்டுகளை விமான வாசலுக்கு வருவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளலாம். கருவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழையாத நாற்காலியைச் சோதனையாளர்கள் கையால்தான் பார்ப்பார்கள். திறக்க முடியாத உறை வெட்டப்படும். அடியில் நீர் வடியக் கண்ணிகள் வைக்க வேண்டும். ஒட்டும் டேப்பை நம்பக்கூடாது. விமானம் நிற்கும் தளத்தின் மே மாத வெயிலில் பசை உருகிக் கம்பிகளில் ஒட்டிக்கொள்ளும்.

திறந்தே இருக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, மோட்டார்களைத் தளர்த்தும் நெம்புகோல். இரண்டு, சட்டத்தின் உறுதியான தூக்குமிடங்கள். அங்கே உறையிலேயே கைப்பிடி தைக்கலாம், ஆனால் கைப்பிடி துணியில் தொங்காமல் நாடாவாகச் சட்டத்தைச் சுற்றி வர வேண்டும். மூன்று, கட்டுமிடங்கள். வாகனங்களில் கட்டுவதற்கு ஏற்றதாக ஐஎஸ்ஓ 7176-19 தரத்தில் செய்த நாற்காலிகளில் இவை கொக்கிச் சின்னத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். உறை அந்தச் சின்னத்தை மறைக்காமல் இருந்தால் பணியாளர்கள் நாடாவைச் சரியான இடத்தில் மாட்டுவார்கள். மறைத்தால் ஜாய்ஸ்டிக்குக் குறுக்கே கட்டுவார்கள்.

உறையில் எழுதுவது

உறையின் மேற்பரப்பு, அங்கே இல்லாத உரியவரின் குரல். திருச்சியில் ஏற்றுபவர் வேறு மொழி, துபாயில் இறக்குபவர் வேறு மொழி என்பதால் படமே முதன்மை. தூக்குமிடத்தில் பச்சை வட்டத்துக்குள் கை. தொடக்கூடாத இடத்தில் சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட கை. நிறம் பிரித்தறியாதவருக்கும் புரிய வடிவமும் வேறுபட வேண்டும். எடையைப் பெரிய எண்ணில் எழுதினால், இரண்டு பேர் தூக்க முயல்வதற்குப் பதில் நான்கு பேரோ பாரந்தூக்கியோ வருவார்கள். நெம்புகோலின் பக்கத்தில் இரண்டு படம்: தள்ளும்போது தளர்த்திய நிலை, ஏற்றியபின் பூட்டிய நிலை. தளர்த்தியபடியே விட்ட நாற்காலிக்குப் பிரேக் இல்லை என்பது பலருக்கும் தெரியாது. இவற்றுக்கு மேல் எழுதுவதெல்லாம் படிக்கப்படாது. விரிவான குறிப்பு தேவையானால் பிளாஸ்டிக் பூசிய ஒரு தாளில் அச்சிட்டு முதுகுப்புறப் பையில் வைக்கலாம்.

அதிர்ச்சி ஒரு வரம்பைத் தாண்டினால் சிவப்பாக மாறும் ஒட்டுவில்லைகள் கிடைக்கின்றன. கையாள்பவரை எச்சரிக்கவும், பின்னால் சான்றாகக் காட்டவும் உதவும். சட்டத்தில் ஒட்ட வேண்டும்; உறையில் ஒட்டினால் உறை அசைந்ததையும் அதிர்ச்சியாகக் காட்டிவிடும்.

சோதித்துப் பார்த்தல்

உறை தைத்து முடிந்ததும் மூன்று சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். 85 செ.மீ. உயரத்தில் ஒரு கோலைக் குறுக்கே கட்டி, உறை போட்ட நாற்காலியை அடியில் தள்ளிப் பார்க்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டைச் சட்டத்தில் மாட்டி, அதன்மேல் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து உள்ளே இடைவெளி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு மூட்டை. மூன்றாவதுதான் முக்கியமானது: நாற்காலியைப் பார்த்தேயிராத ஒருவரிடம் உறையைக் கொடுத்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மாட்டச் சொல்ல வேண்டும். அவர் தயங்கும் இடம், திருப்பிப் போடும் துண்டு, பிடித்துத் தூக்கப் போகும் இடம் ஒவ்வொன்றும் திருத்த வேண்டியவை. பொறியாளர் பார்வைக்குத் தப்பும் குறைகள் இந்தச் சோதனையில் வெளிவந்துவிடும்.

இறங்கியபின்

உறையைக் கழற்றும் முன்பே நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும்; கழற்றியபின் நாற்காலியை ஓட்டிப் பார்க்க வேண்டும். சேதம் இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்ய வேண்டும். பன்னாட்டுப் பயணங்களுக்குரிய 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதப் புகாருக்கு ஏழு நாள் கெடு உண்டு. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அண்மைய நாணய மதிப்பில் 2 லட்சம் ரூபாயைத் தொடாத தொகை. பல மின்நாற்காலிகளின் விலை இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஏற்றும்போதே நாற்காலியின் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்தினால் இந்த வரம்பு உயரும் என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது.

சேதம் இல்லாத பயணத்துக்குப் பிறகும் உறையை விரித்துப் பார்ப்பது நல்லது. பெல்ட்டின் ரப்பர் தீற்றல், கிழிந்த மூலை, இழுபட்ட தையல் ஆகியவை நாற்காலியை எங்கே பிடித்தார்கள், எந்தப் பக்கம் சாய்த்தார்கள் என்பதைக் காட்டும். தீற்றல் விழுந்த இடத்தில் அட்டையை இரட்டிப்பாக்கலாம். தையல் பிரிந்த இடம் பணியாளர்கள் இயல்பாகக் கைவைக்கும் இடம் என்பதால், சட்டம் தாங்குமானால் அங்கேயே கைப்பிடி தைக்கலாம். தாங்காதென்றால் கை நுழையாதபடி அந்த இடத்தை அட்டையால் அடைத்துவிடலாம்.